இரண்டாவது துப்பாக்கியின் ஸ்பிரிங்

அக்டோபர் 4, காலை 7:40

தென்முனைப் பனிக் கிணறு நிலையம். பதிவு: சு. அங்கயற்கண்ணி, பராமரிப்பு.

மின்சாரம் சரி. காற்றழுத்தம் சரி. தண்ணீர் சுத்திகரிப்பான் வழக்கம்போல முனகுகிறது, ஆனால் வேலை செய்கிறது.

புதிதாக இதைப் படிப்பவருக்கு ஒரு விளக்கம். நிலவின் இந்த நிலையத்தில் நாங்கள் இரண்டே பேர். பெரும்பள்ளத்தின் விளிம்பில், வெயில் படுகிற இடத்தில் இருப்பது ‘வீடு’. நேர் கீழே, சூரியனையே பார்க்காத அடிவாரத்தில் இருப்பது ‘கிணறு’. பனிக்கட்டியைத் துளைத்து எடுக்கும் அறை. இரண்டுக்கும் நடுவே ஒரு லிஃப்ட். அதன் ஓரமாகவே ஒரு குழாய், என் கை நுழையாத அகலம், பனி மாதிரிகளை டப்பாவில் போட்டு மேலே ஊதி அனுப்புவதற்காக. நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன். மாசிலாமணி அண்ணாச்சி காலையில் லிஃப்டில் இறங்கிப் போய் மாலையில் ஏறி வருவார்.

இந்தக் குறிப்பேட்டில் சொந்த வேலை ஒன்றையும் எழுதப் போகிறேன். அனுமதி வாங்கியாகிவிட்டது. முப்பத்தெட்டு வயதில் எனக்கு ஒரு அரியர் இருக்கிறது. டிப்ளமோவோடு வேலைக்கு வந்து, அஞ்சல் வழியில் பொறியியல் பட்டம் படித்து, எல்லாத் தாளையும் முடித்துவிட்டு, ‘பொருள்களின் வலிமை’ என்ற ஒரே தாளில் திரும்பத் திரும்ப மண்ணைக் கவ்வியவள் நான். இந்த முறை அந்தத் தாளை நடத்தும் ஹெப்சிபா மேடம் இரக்கப்பட்டுப் பரீட்சைக்குப் பதில் செய்முறை வேலை கொடுத்திருக்கிறார்.

“கையில எது கெடைக்குதோ அந்த ஸ்பிரிங்கை எடுத்துக்குங்க. அது என்ன உலோகம், எவ்வளவு தாங்கும்னு நீங்களே கண்டுபிடிச்சு எழுதுங்க. இணையத்துல பாத்து எழுதுனா எனக்குத் தெரிஞ்சு போயிருங்க.”

என் கையில் கிடைத்தது பெயின்ட்பால் துப்பாக்கி. எங்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடாமல் இருக்க, மனநல மருத்துவர் இரண்டு துப்பாக்கிகள் அனுப்பி வைத்திருக்கிறார். ஒன்று எனக்கு, ஒன்று அண்ணாச்சிக்கு. காலி கிடங்கில் சனிக்கிழமைதோறும் சண்டை. இங்கே சாய உருண்டை கீழே விழ நேரம் எடுத்துக்கொள்வதால், குறி தப்பினாலும் அண்ணாச்சி முதுகில் போய் உடையும். என் துப்பாக்கியைக் கழற்றி ஸ்பிரிங்கை எடுத்துவிட்டேன். இந்த வாரச் சண்டை ரத்து.

அக்டோபர் 8, மாலை 5:20

நிலையம் சரி.

கம்பியின் தடிமன் 1.6 மில்லிமீட்டர். நிறம் மங்கல் கறுப்பு, மேலே எண்ணெய்ப் பூச்சு. எடையை வைத்தால் எவ்வளவு அமுங்குகிறது என்பதுதான் முதல் சோதனை. எடைக்கு இருபது கிலோ தண்ணீர் கேன். இங்கே அது பூமியின் மூன்றேகால் கிலோ போலத்தான் அழுத்தும். சூத்திரத்தில் கண்ணை மூடிக்கொண்டு ஒன்பது புள்ளி எட்டு என்று போட்டுப் பழகிய கை இது. இந்த முறை கையை அடக்கி வைத்தேன்.

அமுங்குவதிலிருந்து விறைப்புக் குணகம் கிடைக்கும். அந்த எண் எழுபதை ஒட்டி வந்தால் துருப்பிடிக்காத எஃகு. எண்பதை ஒட்டி வந்தால் கார்பன் எஃகு, அதாவது இரண்டிலும் வலுவானது. எனக்குக் கார்பன் எஃகாக இருக்க வேண்டும் என்று ஆசை. ஏன் என்று தெரியவில்லை. நம்முடையது வலுவாக இருக்கட்டுமே என்ற அற்ப ஆசைதான்.

கிணற்றிலிருந்து ரேடியோவில்:

“என்ன தாயி, இன்னும் அந்த ஸ்பிரிங்கோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கியா? நாளைக்கு ரசம் ஒன் முறை, ஞாபகம் இருக்கட்டும்.”

அக்டோபர் 11, இரவு 8:15

ஆயுத பூஜை. இன்று துளைப்பான் ஓடாது. பூமியில் அலுவலகத்துக்கு இது ‘திட்டமிட்ட பராமரிப்பு நாள்’.

கோவில்பட்டியில் பம்பு செட் மெக்கானிக்காக இருந்த அண்ணாச்சிக்கு இது தீபாவளியை விடப் பெரிய நாள். ஊரில் கருவிகளை மண்ணெண்ணெயில் போட்டு ஊறவைத்துத் துடைப்பாராம். நிலவில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போவது? நேற்று மாலையே சமையலறையில் இருந்த புளியை மொத்தமாக எடுத்துக் கரைத்து, உப்பைக் கொட்டி, பித்தளைப் பாத்திரம் துலக்குகிற மாதிரி ஸ்பேனர், திருப்புளி, தன் துப்பாக்கியின் உள் சாமான் எல்லாவற்றையும் கிணற்று அறையில் ஊறப்போட்டிருக்கிறார். இனி அடுத்த கப்பல் வரும்வரை ரசம் கிடையாது. எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

“ஒன் ஸ்பிரிங்கையும் குழாய்ல போட்டு விடு தாயி, சேத்துக் குளிப்பாட்டி விடுதேன். வருசத்துல ஒரு நாளு.”

என் ஸ்பிரிங் எடையின் கீழே நின்றுகொண்டிருக்கிறது, தொடக்கூடாது என்று சொல்லிவிட்டேன். அவர் அனுப்பிய படத்தில் எல்லாம் பளபளவென்று வரிசையாக, சந்தனப் பொட்டோடு உட்கார்ந்திருந்தன. துப்பாக்கிக்கும் பொட்டு. சிரித்துவிட்டேன். மாலையில் அவர் மேலே வரும்போது அந்தத் துப்பாக்கியையும் கொண்டுவந்து மாட்டி வைத்தார்.

அக்டோபர் 13, மாலை 6:00

எழுபத்தொன்பது!

விறைப்புக் குணகம் எழுபத்தொன்பது. கார்பன் எஃகு. காந்தமும் ஒத்துக்கொண்டது. பிறகு ஸ்பிரிங்கின் ஒரு முனையைப் பிரித்து நீட்டி, லிஃப்ட் கேபிளின் இழுவையை அளக்கும் கருவியில் மாட்டி, அறுந்து விழும்வரை இழுத்தேன். அது அறுந்த சத்தத்தில் நானே துள்ளினேன். நான் நினைத்ததை விட அதிகம் தாங்கியது.

அறிக்கை போய்விட்டது. மேடத்தின் பதில்:

“பாத்தேனுங்க. சுத்தமா செஞ்சிருக்கீங்க. உடைச்சுப் பாத்தீங்க பாருங்க, அதுதான் எனக்குப் பிடிச்சுது. ஒடையாத வரைக்கும் எந்தப் பொருளும் முழுசா தன்னைச் சொல்லாதுங்க.”

அண்ணாச்சி வடை சுட்டார். என் துப்பாக்கி இனி வெறும் குழாய். ஒரே துப்பாக்கியை வைத்துக்கொண்டு எப்படிச் சண்டை போடுவது என்று இரவுச் சாப்பாட்டில் வாதம்.

அக்டோபர் 15, காலை 10:05

நில அதிர்வு. பெரியது. அலமாரி எல்லாம் கவிழ்ந்துவிட்டது. வீட்டில் கசிவு இல்லை. லிஃப்ட் நிற்கிறது. அண்ணாச்சி கீழே.

அக்டோபர் 15, காலை 11:50

அண்ணாச்சி உயிரோடு இருக்கிறார். நெற்றியில் காயம், சின்னதுதான்.

நிலைமையை வரிசையாக எழுதுகிறேன், என் தலைக்கும் அது நல்லது. லிஃப்டின் தண்டவாளம் நடுவில் பிய்ந்து தொங்குகிறது. பள்ளத்தின் சுவர் செங்குத்தான பனி. ஏறவும் முடியாது, இறங்கவும் முடியாது. கிணற்று அறையின் ஓரத்தில் விரிசல், காற்று மெல்லக் கசிகிறது. தொட்டியில் ஒரு மாதத்துக்கு மேல் காற்று இருக்கிறது. ஆனால் அதைத் தேவையான அளவு அறைக்குள் விடும் ரெகுலேட்டரின் ஸ்பிரிங் அதிர்ச்சியில் இரண்டாகிவிட்டது. ஸ்பிரிங் இல்லாவிட்டால் ரெகுலேட்டர் மூடிக்கொள்ளும். இப்போது அவசரத் திருகைக் கையால் திறந்து மூடி, திறந்து மூடித்தான் அவர் மூச்சு விடுகிறார்.

விண்வெளி உடையும் கீழே இருக்கிறது. அதில் ஆறு மணி நேரக் காற்று. தீர்ந்தால் வீட்டில்தான் நிரப்ப முடியும். அதனால் அதை இப்போது தொடப்போவதில்லை.

அறை ஸ்பீக்கர் போய்விட்டது. விளக்குகளை இங்கிருந்து இயக்கும் இணைப்பும் போய்விட்டது. அவர் தலையில் மாட்டியிருக்கும் ஹெட்செட் மட்டும் வேலை செய்கிறது.

மீட்புக் கப்பல் பூமியிலிருந்து கிளம்ப வேண்டும். ஒன்பது நாள் என்கிறார்கள்.

“ஒம்பது நாளு கைய வெச்சுத் திருகிட்டே இருக்கணும்னா எப்பத் தாயி தூங்கறது?”

அக்டோபர் 15, மாலை 4:30

உதிரி ஸ்பிரிங் இல்லை. போன முறை பயன்படுத்தியதற்குப் பதில் அடுத்த கப்பலில்தான் வரும். வீட்டு ரெகுலேட்டரின் ஸ்பிரிங் பெருவிரல் தடிமன், அந்தக் கூட்டில் நுழையவே நுழையாது. எங்கள் பிரின்டர் பிளாஸ்டிக்கில் மட்டும் அச்சடிக்கும்.

உடைந்த துண்டின் அளவை அண்ணாச்சி சொன்னார். விட்டம், நீளம், கம்பித் தடிமன். எனக்கு மனப்பாடமான எண்கள் அவை.

சுவரில் இரண்டாவது துப்பாக்கி மாட்டியிருக்கிறது.

அக்டோபர் 15, இரவு 7:10

அனுப்பிவிட்டேன். குழாயில் போடும் முன் மேடத்துக்குக் காட்ட ஸ்பிரிங்கை ஒரு படமும் எடுத்துக்கொண்டேன், பழக்கதோஷம். டப்பா குழாயில் இறங்கிப் போகிற சத்தத்தை எண்ணிக்கொண்டே நின்றேன். போய்ச் சேர்ந்துவிட்டது.

ரெகுலேட்டரில் ஸ்பிரிங்கை அமுக்கும் திருகை எத்தனை சுற்று இறுக்கினால் சரியான அழுத்தம் வரும் என்பது என் எண்ணிலிருந்துதான் வந்தது. எழுபத்தொன்பதிலிருந்து. ஆறரைச் சுற்று.

“வந்துட்டு தாயி! காத்து வருது! கைய எடுத்துட்டேன், அது பாட்டுக்கு வருது! எந்தச் சாமி ஒன்ன அந்தப் பரிச்சைல பெயிலாக்குச்சோ, அதுக்கு ஒரு தேங்கா ஒடைக்கணும்.”

அழுதேன். எழுதக் கூச்சமில்லை.

அக்டோபர் 16, காலை 9:00

அவர் பதினோரு மணி நேரம் தூங்கினார். அழுத்தம் கோடு போட்ட மாதிரி நிற்கிறது.

விடியற்காலையில் பின்னதிர்வு. மாதிரிக் குழாய் நடுவில் நசுங்கிவிட்டது. இனி எதையும் அனுப்ப முடியாது. அவசரத் திருகின் மரையும் தேய்ந்துவிட்டது. நேற்று முழுவதும் திருகியதில் இப்போது பிடிக்கவில்லை, வெறுமனே சுற்றுகிறது. பரவாயில்லை. ஸ்பிரிங் இருக்கிறது. சாப்பாடும் தண்ணீரும் கீழே போதுமானது இருக்கிறது.

மேடத்துக்கு எல்லாவற்றையும் எழுதி, படத்தையும் அனுப்பினேன். கொஞ்சம் பெருமையடித்துக்கொண்டேன் என்பதையும் பதிவு செய்கிறேன்.

அக்டோபர் 17, காலை 10:40

மேடத்தின் குரல் அஞ்சல். முழுவதையும் எழுதி வைக்கிறேன்.

“அங்கயற்கண்ணி, படம் பாத்தேனுங்க. ஒரு சந்தேகம். நீங்க உடைச்சுப் பாத்த ஸ்பிரிங் கறுப்பா, எண்ணெய்ப் பூச்சோட இருந்துச்சு. இது வெள்ளி மாதிரி மின்னுது. ரெண்டும் ஒரே மாதிரித் துப்பாக்கிதானே? இதை எதுலயாச்சும் கழுவுனாங்களா? அமிலம் மாதிரி எதுவும் பட்டுச்சா? உடனே சொல்லுங்க.”

புளி. உப்பு. ராத்திரி முழுவதும்.

அக்டோபர் 17, மதியம் 12:25

பதில் வந்துவிட்டது. மேடம் மெதுவாக, வகுப்பில் சொல்வது போலவே சொன்னார்.

“வலுவான கார்பன் எஃகு அமிலத்துல ஊறுச்சுன்னா ஹைட்ரஜன் உள்ள போயி உக்காந்துக்குங்க. கண்ணுக்கு ஒண்ணும் தெரியாது. எடை போட்டுப் பாத்தாலும் அதே எண்தான் வரும். ஆனா இறுக்கமா நிக்க வெச்சீங்கன்னா, உள்ளுக்குள்ள மெல்ல மெல்ல விரிசல் ஓடும். அப்புறம் ஒரு நேரத்துல சொல்லாம கொள்ளாம ஒடஞ்சிரும். தொழிற்சாலைல இதுக்காகவே அமிலத்துல கழுவுன கையோட அடுப்புல வெச்சுச் சுடுவாங்க. எப்ப ஒடையும்னு கணக்கு கேக்காதீங்க. அதுக்குக் கணக்கு இல்லீங்க. ஒடையாமயும் போகலாம். துருப்பிடிக்காத எஃகா இருந்திருந்தா இவ்வளவு பயப்பட வேண்டியதில்லைங்க.”

எழுபது வந்திருக்கலாம். நான் ஆசைப்பட்டது எழுபத்தொன்பதுக்கு.

சுட முடியுமா என்று கேட்டேன். வெளியே எடுத்தால்தானே சுட முடியும். எடுத்தால் காற்று நிற்கும். அவசரத் திருகு பிடிக்காது. சுட்டு முடிக்கப் பல மணி நேரம் வேண்டும். உடையை மாட்டிக்கொண்டு செய்யலாம் என்றால் கீழே இருப்பது சாப்பாடு சூடுபண்ணும் பெட்டி, அது இருநூறு டிகிரிக்குப் போகாது. ஆறு மணி நேரக் காற்றையும் செலவழித்துவிட்டு அதே ஸ்பிரிங்கை மறுபடி மாட்ட வேண்டும்.

மேடம் கடைசியாக:

“இறுக்கத்தைக் கொறைச்சா விரிசல் மெதுவா ஓடும். அது ஒண்ணுதான் நம்ம கையில இருக்கு. அவருகிட்ட சொல்லிப்போடுங்க அங்கயற்கண்ணி. உயிரு அவருது.”

அக்டோபர் 17, மாலை 5:00

சொல்லவில்லை.

பூமியில் இருக்கும் தரைக் கட்டுப்பாட்டு அறையைக் கேட்டேன். “தெரிவிப்பது நிலையத்தில் உள்ளவரின் முடிவு” என்று எழுத்தில் பதில் வந்தது. நல்லா இருங்க சாமி.

இரண்டு சுற்று தளர்த்துங்கள் என்று அண்ணாச்சியிடம் சொன்னேன். ஏன் என்றார். கசிவு நினைத்ததை விட அதிகம், தொட்டிக் காற்றை மிச்சம் பிடிக்க வேண்டும் என்றேன். தொட்டியின் மீட்டர் என் மேசையில்தான் இருக்கிறது. அவரால் பார்க்க முடியாது.

“நீ சொன்னா சரிதான் தாயி.”

தளர்த்திவிட்டார். அழுத்தம் இறங்கி, உயரமான மலை உச்சியில் இருப்பது போன்ற அளவில் நின்றது. மூச்சு விடலாம். சிரமப்பட்டு விடலாம்.

என் காரணத்தை எழுதி வைக்கிறேன். அந்த மனிதர் தூங்குவதே அந்த ஸ்பிரிங்கை நம்பித்தான். சொன்னால் என்ன செய்வார்? ஒரு வாரம் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தன் கையால் புளியில் போட்டதை நினைத்துக்கொண்டு. உடையை முன்கூட்டியே மாட்டி ஆறு மணி நேரத்தை வீணடித்துவிட்டால்? கப்பல் நெருங்கியதும் சொல்லி, உடையை மாட்டச் சொல்லலாம். அதுதான் என் திட்டம். அது நல்ல திட்டம் என்றே இப்போதும் நினைக்கிறேன்.

அக்டோபர் 19, காலை 8:30

அழுத்தம் நிலையாக இருக்கிறது. ரெகுலேட்டரின் ஒலிவாங்கி மட்டும் எப்படியோ பிழைத்திருக்கிறது. வால்வு திறக்கும்போதெல்லாம் ‘டிக்’ என்று ஒரு சத்தம். அதைக் கேட்டுக்கொண்டே வேலை செய்கிறேன். வேலை என்று ஒன்றும் இல்லை. தரையைத் துடைத்தேன். மறுபடி துடைத்தேன்.

கிணற்றில் தாழ்வழுத்த அலாரம் விடாமல் அடிக்கிறது, அழுத்தத்தை நாங்களே குறைத்து வைத்திருப்பதால். காது போகிறது, தூக்கமில்லை என்றார். அணைக்கச் சொன்னேன். அணைத்துவிட்டார்.

“இப்பத்தாம் தாயி நிம்மதியா இருக்கு. தலவலிதான், ரெண்டு கையாலயும் புழியுத மாதிரி கெடக்கு. மாத்திர போட்டாலும் கேக்க மாட்டேங்கு.”

அக்டோபர் 21, மாலை 3:15

டிக். டிக்.

இன்று அவர் பேச்சில் வார்த்தைகள் தடுக்குகின்றன. காற்று குறைவதால்தான். கால் சுற்று இறுக்கச் சொல்லலாமா என்று மேடத்தைக் கேட்டேன். “அவரு மூச்சு விடுறாரா? அப்ப வேண்டாங்க” என்றார். இன்னும் சொல்லவில்லையா என்று கேட்டார். பதில் போடவில்லை.

அண்ணாச்சி தானாகவே பேசிக்கொண்டிருந்தார்.

“பாத்தியா தாயி, நீ எப்படி வைஞ்ச அன்னைக்கு. புளிய எல்லாம் காலி பண்ணிட்டீங்கன்னு. அந்தப் புளிதான இப்ப சோறு போடுது? சும்மாவா, குளிப்பாட்டிப் பொட்டு வெச்சு உக்கார வெச்சேன்லா. ஆயுதம் நம்மள கைவிடாது. ஊருக்குப் போயி இந்த ஸ்பிரிங்க பூசையறைல வெக்கப் போறேன்.”

ஆமாம் அண்ணாச்சி என்றேன்.

ரேடியோவை அணைத்துவிட்டு, காலி கிடங்குக்குப் போய்க் கத்தினேன். அந்தச் சுவர் முழுக்க எங்கள் சாயம்.

அக்டோபர் 23, காலை 9:50

தாங்குகிறது. எட்டு நாள் தாங்கிவிட்டது. ஒருவேளை ஹைட்ரஜன் அவ்வளவாக உள்ளே போகவில்லையோ. புளி என்ன பெரிய அமிலம்? ரசத்தில் ஊற்றிக் குடிக்கிறோம். இப்படியெல்லாம் யோசிக்க ஆரம்பித்திருக்கிறேன். கப்பல் நாளை.

அக்டோபர் 24, மதியம் 1:05

கப்பல் நிலவைச் சுற்ற ஆரம்பித்துவிட்டது. விமானி ஒரு பெண், குரலில் உற்சாகம்.

“பனிக் கிணறு, உங்க விளக்கு எங்களுக்குத் தெரியுது. ஆறேகால் மணி நேரத்துல இறங்கிருவோம். கிணத்துக்கு நேரா கயிறு இறக்கி ஆளைத் தூக்கறதா திட்டம். கொஞ்சம் பொறுத்துக்கோங்க.”

அண்ணாச்சியிடம் சொன்னேன். சிரித்தார்.

“அப்ப இன்னும் ஆறு மணி நேரம். சரி தாயி, நா ஒரு தூக்கம் போடுதேன். தல வெடிக்கு. அவங்க வரும்போது எழுப்பு.”

மூன்று மணிக்கு எல்லாவற்றையும் சொல்லி உடையை மாட்டச் சொல்லப் போகிறேன். அப்போது போட்டால் கப்பல் வந்த பிறகும் காற்று மிச்சம் இருக்கும். வார்த்தைகளை எழுதி வைத்துக்கொண்டிருக்கிறேன். “அண்ணாச்சி, கோபப்படாதீங்க” என்று ஆரம்பிக்கிறேன்.

அக்டோபர் 24, மதியம் 1:40

அழுத்தம் ஏறுகிறது.

ஏன் ஏறுகிறது? இயல்பு நிலைக்கு வந்துவிட்டது. ஒரு வாரத்தில் முதல் தடவையாக எல்லா எண்ணும் பச்சையில்.

கிணற்றுக் கணினியிலிருந்து எழுத்துச் செய்தி. அனுப்பிய நேரம் 1:32.

“கப்பல்தான் வந்துட்டே இனி காத்த மிச்சம் புடிச்சு என்ன செய்ய. ரெண்டு சுத்து இறுக்கிட்டேன். ஆகா தலவலி விட்டுட்டு. ஹெட்செட்ட களட்டி வெச்சுட்டுப் படுக்கேன். வையாத தாயி.”

அக்டோபர் 24, மதியம் 1:55

கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். கழற்றி வைத்த ஹெட்செட்டில் என் குரல் எறும்பு ஊர்வது போலத்தான் கேட்கும். எழுத்துச் செய்தி பன்னிரண்டு அனுப்பிவிட்டேன். திரை அவருக்குத் தலைமாட்டில் இல்லை. அலாரம் இல்லை. நான்தான் அணைக்கச் சொன்னேன்.

மிச்சம் பிடிக்க என்று நான்தான் சொன்னேன். அவர் செய்ததில் ஒரு தப்பும் இல்லை. நான் சொன்னது உண்மையாக இருந்திருந்தால், அவர் செய்ததுதான் சரி.

டிக். டிக். டிக்.

அக்டோபர் 24, மதியம் 2:20

கிணற்றின் ஹீட்டரை இங்கிருந்து அணைக்கலாம். குளிர்ந்தால் எழுந்துகொள்வார். ஆனால் குளிர் அந்த ஸ்பிரிங்கை என்ன செய்யும் என்று தெரியவில்லை. மேடத்தைக் கேட்டேன். “தெரியலீங்க” என்றார். “எனக்குத் தெரியலீங்கம்மா.”

அணைத்துவிட்டேன்.

அக்டோபர் 24, மாலை 3:10

அறை பதினோரு டிகிரி. அசைகிற சத்தம் கேட்டது. போர்வையை இழுத்துப் போர்த்துகிற சத்தம்.

அண்ணாச்சி எந்திரிங்க. உடையை மாட்டுங்க. அண்ணாச்சி.

டிக்.

3:26

டிக் இல்லை. வேறு ஒரு சத்தம். சின்னதாக, அன்றைக்கு என் கையில் அறுந்த சத்தம்.

3:31

கோடு இறங்குகிறது. மெதுவாகத்தான் இறங்குகிறது. கசிவு சின்னது. நேரம் இருக்கிறது, முழித்துக்கொண்டால் உடையை மாட்டிவிடலாம், நேரம் இருக்கிறது. ஹீட்டரைத் திரும்பப் போடுவதா வேண்டாமா. ஹெட்செட்டில் கத்துகிறேன். ஒலிவாங்கியில் அவர் மூச்சு கேட்கிறது. நன்றாகத் தூங்குகிறவர் மூச்சு.

4:15

இரண்டு சுற்று தளர்த்தி வைத்திருந்த அளவையும் தாண்டி இறங்கிவிட்டது. இதற்குக் கீழே தூக்கத்திலிருந்து எழ முடியாது என்று முதலுதவிக் கையேட்டில் இருக்கிறது. படித்தேன். மறுபடியும் படித்தேன்.

குறட்டை வந்தது. பிறகு குறட்டையும் இல்லை.

இதை எடுத்துப் படிப்பவரே, அவரிடம் சொல்லியிருக்க வேண்டும். புளியால் வந்தது என்று சொல்லாமலாவது சொல்லியிருக்கலாம். உடைந்துவிடும் என்ற ஒரு வார்த்தை போதும். உடையை மாட்டிக்கொண்டு படுத்திருப்பார்.

4:52

கப்பலிலிருந்து:

“பனிக் கிணறு, நல்ல சேதி. இன்னும் ரெண்டு மணி நேரத்துல உங்க கதவைத் தட்டிருவோம். இருக்கையெல்லாம் சூடுபண்ணி வைக்கணும், எத்தனை பேர்னு மட்டும் உறுதிப்படுத்திருங்க.”

ரெண்டு என்று சொன்னேன்.

சரி, ரெண்டு, என்று திருப்பிச் சொன்னார்கள்.

இன்னும் திருத்தவில்லை.